உடைசல் யார் கணக்கு?

விருத்தாசலத்துப் பீங்கான் சரக்கை வாங்கி விற்கும் மொத்த வியாபாரியிடமோ சில்லறைக் கடைக்காரரிடமோ ஒரு பொருளின் அடக்கவிலை என்னவென்று கேட்டால், அவர் எடுத்துக் காட்டுவது கொள்முதல் பில். பில்லில் என்ன விலையோ அதுதான் அடக்கம். லாரி வாடகை வாடகைக் கணக்கில் போகும், ஏற்றுகூலியும் இறக்குகூலியும் கூலிக் கணக்கில் போகும், உடைந்தது எந்தக் கணக்குக்கும் போகாமல் குப்பைக்குப் போகும். மார்ச் 31 வந்தால் இருப்பு எவ்வளவு என்பதை ஆடிட்டர் பார்த்துப் போட்டுக்கொள்வார். பீங்கான் என்றால் உடையத்தான் செய்யும், ஆயிரக்கணக்கில் கிடக்கிற அகலை யார் உட்கார்ந்து எண்ணுவது, சின்னக் கடைக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்கிறார்கள். கேட்பவர்கள் கடைக்காரர்கள் மட்டும் என்றால் விட்டுவிடலாம். கணக்கு எழுதுகிறவர்களும் வரி ஆலோசனை சொல்கிறவர்களும் இதையே நடைமுறை ஞானம் என்று எடுத்துச் சொல்கிறார்கள்.

இது ஞானம் அல்ல, தவறு. கடைக்காரரைத் தன் லாபமே தெரியாதவராக வைத்திருக்கிறது என்பது இந்தத் தவறின் ஒரு பாதி. மறுபாதி இன்னும் மோசம். அவர் எண்ணாமல் விட்ட நஷ்டம் எங்கோ ஓரிடத்தில் இறங்கித்தான் ஆக வேண்டும். அது விருத்தாசலத்துச் சூளைக்காரர் மேலும், அவரிடம் கூலிக்கு வண்ணம் தீட்டும் பெண்கள் மேலும் இறங்குகிறது. அதனால்தான் இதை மறுத்தாக வேண்டும் என்கிறேன்.

முதலில் சரக்கைப் பார்ப்போம். கடலூர் மாவட்டத்தின் களிமண்ணும், பக்கத்தில் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடந்து சுரங்கம் தோண்டும்போது வெளிவரும் வெள்ளைக் களிமண்ணும் விருத்தாசலத்தைப் பீங்கான் ஊராக்கின. பீங்கான் தொழிற்பேட்டை இங்கே இருக்கிறது. பீங்கான் தொழில்நுட்பத்தில் பட்டயப் படிப்பு நடத்தும் அரசு நிறுவனமும் இருக்கிறது. சிறு சிறு பட்டறைகளில் அகல் விளக்கு, கொலு பொம்மை, ஊறுகாய் ஜாடி, கோப்பை, ஃபியூஸ் கட்டை, இன்சுலேட்டர் என்று வார்த்துச் சுட்டு எடுக்கிறார்கள். இந்தச் சரக்குக்குச் சில குணங்கள் உண்டு. எடையைவிட இடத்தை அதிகம் அடைக்கும். வைக்கோலோ காகிதமோ திணிக்காமல் நகராது. எவ்வளவு திணித்தாலும் கொஞ்சம் உடையும். பொம்மைக்குப் புரட்டாசி, விளக்குக்குக் கார்த்திகை என்று பருவம் பார்த்து விற்கும். நிதியாண்டு முடியும் மார்ச் மாதத்தில் இரண்டு பருவமும் போய், விற்காமல் நின்றது மட்டும் அலமாரியில் இருக்கும். இப்படிப்பட்ட சரக்குக்குப் பில் விலையை அடக்கமாக வைப்பதைவிடப் பொருந்தாத முறை இருக்க முடியாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. உங்கள் கடை எண்களை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். 1,000 அகல், ஒன்று 4 ரூபாய், பில் 4,000. லாரிக்கும் கூலிக்கும் 400. அட்டைப்பெட்டிக்கும் வைக்கோலுக்கும் 100. ஆகச் செலவானது 4,500. கட்டைப் பிரித்தால் 50 உடைந்திருக்கிறது. முழுசாக நிற்பது 950. அப்படியானால் ஒரு முழு அகலின் அடக்கம் 4,500ஐ 950ஆல் வகுத்தால் வருவது, அதாவது 4 ரூபாய் 74 காசு. பில்லைப் பார்த்து 4 ரூபாய் என்று நினைக்கிறவர், வாடிக்கைக்காரர் பேரம் பேசும்போது 4 ரூபாய் 60 காசுக்குக் கொடுத்து, நூற்றுக்குப் பதினைந்து நின்றது என்று நிம்மதியாகத் தூங்குகிறார். வசூலானது 4,370. கைவிட்டுப் போனது 130 ரூபாய். கடையில் கூட்டம் இருந்தது, சரக்கு ஓடியது, பணம் மட்டும் ஏன் நிற்கவில்லை என்று கார்த்திகை முடிந்தபின் யோசிக்கிற கடைகளில் பலவற்றுக்கு விடை இந்த வகுத்தலில் இருக்கிறது.

பிளஸ் ஒன் கணக்குப்பதிவியல் படித்த பிள்ளைக்கு உள்தூக்குக் கூலி வியாபாரக் கணக்கில் கொள்முதலோடு சேரும் என்று தெரியும். சரக்கை அது நிற்கும் இடத்துக்கும் நிலைக்கும் கொண்டுவர ஆன செலவெல்லாம் அதன் அடக்கத்தில் சேரும் என்பது இந்தியப் பட்டயக் கணக்கர் நிறுவனத்தின் கணக்கியல் தரநிலை 2 சொல்லும் விதி. விற்பனைக்கு ஆன செலவு சேராது, சாதாரணக் கிடங்கு வாடகை சேராது. வழக்கமான உடைசல், மிஞ்சிய சரக்கின் விலையில் சேரும். வழக்கத்துக்கு மீறிய உடைசல் சேராது. மேலே சொன்ன லோடில் 50க்குப் பதில் 200 உடைந்தது என்றால், கூடுதலாக உடைந்த 150ஐ மற்ற அகல்களின் தலையில் ஏற்றக் கூடாது. சுமார் 710 ரூபாயை அந்த ஆண்டின் நட்டம் என்று தனியாகப் போட்டுவிட வேண்டும். இந்த வேறுபாடு பட்டயக் கணக்கர்களின் நுணுக்கம் என்று தோன்றலாம். உண்மையில் இது கடைக்காரருக்குத்தான் தேவை. எது என் தொழிலின் இயல்பு, எது இந்த முறை நடந்த கோளாறு என்று பிரித்துப் பார்க்க அவருக்கு வேறு வழி இல்லை.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களில் வலுவானது ஒன்று உண்டு. வாடகையை வாடகைக் கணக்கில் எழுதினாலும் அடக்கத்தில் சேர்த்தாலும் ஆண்டு முடிவில் லாபம் ஒன்றுதானே, இந்தப் பையில் இருப்பதை அந்தப் பையில் போட்டு என்ன பயன் என்கிறார்கள். வாங்கிய சரக்கு முழுவதும் அந்த ஆண்டிலேயே விற்றுத் தீர்ந்தால் இந்த வாதம் சரி. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பொம்மைக் கடையில் என்றைக்குச் சரக்கு தீர்ந்திருக்கிறது? மூன்றில் ஒரு பங்கு நின்றுவிட்டால், அந்த மூன்றில் ஒரு பங்கின் லாரி வாடகையை இந்த ஆண்டு லாபம் சுமக்கிறது. அடுத்த ஆண்டு அதே பொம்மை விற்கும்போது வாடகையே இல்லாமல் வந்த சரக்கு போல லாபம் காட்டுகிறது. இரண்டு ஆண்டின் கணக்கும் பொய். அதைவிட முக்கியம், மொத்த லாபம் சரியாக வந்தாலும் ஒவ்வொரு பொருளின் லாபமும் தப்பாகவே இருக்கும். விலை வைப்பது பொருளுக்குத்தான், மொத்தத்துக்கு அல்ல.

பொருளுக்குப் பொருள் இந்தச் செலவு எப்படி மாறும் என்பதையும் பார்க்க வேண்டும். ஒரே லாரியில் ஃபியூஸ் கட்டைப் பெட்டிகளும் கொலு பொம்மைக் கட்டுகளும் வருகின்றன. ஃபியூஸ் கட்டை கனம், ஆனால் அடக்கமாக உட்காரும், இலேசில் உடையாது. பொம்மை கை, வேல், மயில் தோகை என்று நீட்டிக்கொண்டு லாரியின் இடத்தை விழுங்கும். வாடகையைப் பில் தொகை விகிதத்தில் பிரித்தால், ஃபியூஸ் கட்டை பொம்மையின் வாடகையையும் சேர்த்துச் சுமக்கும். அடைக்கும் இடத்தை வைத்துப் பிரிப்பதே நியாயம். கொள்முதலோடு கூடுதல் செலவைச் சேர்த்துப் பொருள்வாரியாகப் பிரிக்கும் வசதி, பல கடைகள் வைத்திருக்கும் டாலி மென்பொருளிலேயே இருக்கிறது. அதைத் திறக்காமல், சரக்கைத் தொடாத வெறும் கணக்கு மட்டும் எழுதிக்கொண்டு, கம்ப்யூட்டர் கணக்கு வைத்திருக்கிறோம் என்கிறார்கள்.

விலையைச் சந்தைதான் வைக்கிறது, அடக்கம் தெரிந்து என்ன செய்ய என்று கேட்கிறவர்களுக்கு விருத்தாசலத்தையே சாட்சியாக நிறுத்துவேன். உத்தரப் பிரதேசத்துக் குர்ஜா கோப்பைக்கும் தட்டுக்கும் பேர்போன ஊர். அங்கிருந்து தமிழ்நாட்டுக் கடைக்கு 2,000 கிலோமீட்டருக்கு மேல். குர்ஜா கோப்பை பில்லில் 20 ரூபாய், விருத்தாசலத்துக் கோப்பை 22 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பில் விலைக் கொள்கைக்காரர் யோசிக்கவே மாட்டார், குர்ஜாவுக்கு ஆர்டர் போய்விடும். வாடகையும் கூலியும் குர்ஜா கோப்பைக்கு 3 ரூபாய், நூற்றில் 8 உடைகிறது என்றால் முழுக் கோப்பையின் அடக்கம் 25 ரூபாய். விருத்தாசலத்துக் கோப்பைக்கு வாடகை 80 காசு, நூற்றில் 3 உடைகிறது என்றால் அடக்கம் 23 ரூபாய் 50 காசு. எண்கள் என்னுடையவை, ஆனால் திசை மாறாது. தூரமும் உடைசலும் கணக்கில் வராத முறை எப்போதும் தூரத்துச் சரக்குக்குச் சலுகை காட்டும், பக்கத்து ஊர்ச் சரக்கைத் தண்டிக்கும். விருத்தாசலம் விலையில் போட்டி போட முடியவில்லை என்று சொல்கிறவர்கள், எந்த விலையில் என்று சொல்லட்டும். பில் விலையிலா, முழுசாக அலமாரியில் ஏறிய விலையிலா?

குத்தாக வாங்கும் சரக்கில் இந்தக் கொள்கை செய்யும் கேடு இன்னும் பெரிது. சூளையிலிருந்து வருவதில் மெருகு ஓடியது, லேசாகக் கோணியது, விளிம்பில் பொரிந்தது என்று ஒரு பகுதி செகண்ட்ஸ் ஆகிறது. நல்லதும் இதுவும் கலந்து, 1,000 உருப்படி 10,000 ரூபாய் என்று பேசி எடுத்துவருகிறார் வியாபாரி. ஒன்றுக்குப் பத்து ரூபாய் அடக்கம் என்று மனதில் போட்டுக்கொள்கிறார். பருவத்தில் பார்வையான 400 உருப்படி 20 ரூபாய் வீதம் போய்விடுகிறது. வரவு 8,000, அடக்கம் 4,000, லாபம் 4,000. நல்ல வியாபாரம் என்று வீட்டுச் செலவுக்கும் எடுத்துவிடுகிறார். மிச்சம் 600 உருப்படி, பத்து ரூபாய் வீதம் 6,000 ரூபாய்ச் சரக்கு என்று மார்ச் மாதத்து இருப்பில் நிற்கிறது. பொறுக்கி எடுத்தபின் நின்ற அந்த 600ஐ ஒன்று 4 ரூபாய்க்கு மேல் எவரும் கேட்க மாட்டார்கள். எல்லாம் விற்றால் வருவது 2,400. ஆக, அந்தக் குத்தில் கிடைத்த உண்மையான லாபம் முழுவதும் சேர்ந்து 400 ரூபாய். நாலாயிரம் என்று நினைத்துச் செலவழித்தது முதலிலிருந்து போன பணம்.

அடக்கவிலை, விற்றால் கையில் நிற்கும் தொகை, இரண்டில் எது குறைவோ அதில்தான் இருப்பைப் போட வேண்டும் என்ற பழைய விதி இதைத் தடுக்கத்தான் இருக்கிறது. 600 உருப்படியை 2,400 என்று போட்டிருந்தால் லாபம் 400 என்று மார்ச் மாதமே தெரிந்திருக்கும். இந்த விதியைக் கேட்டால், லாபத்தைக் குறைத்துக் காட்ட ஆடிட்டர் செய்யும் வேலை என்று சிலர் எண்ணுகிறார்கள். கடைக்காரரை அவருடைய நம்பிக்கையிலிருந்தே காப்பாற்றும் விதி அது.

செட்டாக விற்கும் பொம்மையில் இதைக் கண்ணெதிரே காணலாம். பத்துப் பொம்மை கொண்ட தசாவதாரச் செட் அடக்கம் 1,000 ரூபாய். நரசிம்மர் உடைந்துவிட்டார். கணக்குப் பிள்ளை நூறு ரூபாயைக் கழித்து 900 என்று எழுதுகிறார். கொலு வைக்கிற அம்மாள் யாரும் நரசிம்மர் இல்லாத தசாவதாரம் வாங்க மாட்டார். பிரித்து விற்றால் ராமரையும் கிருஷ்ணரையும் யாராவது தனியாகக் கேட்பார்கள். மச்சமும் கூர்மமும் வராகமும் நிற்கும். ஒன்று உடைந்ததில் போனது ஒரு பொம்மையின் விலை அல்ல, ஒரு செட்டின் பெரும்பகுதி. பட்டறையிலிருந்து அதே அச்சில் ஒரு நரசிம்மரை உதிரியாக வாங்கிச் சேர்க்க முடியுமா, வண்ணம் ஒத்துப்போகுமா என்று அன்றைக்கே கேட்டால் மீதியை மீட்கலாம். உடைந்ததை எழுதி வைக்காத கடையில் இந்தக் கேள்வி அடுத்த புரட்டாசியில், செட்டை எடுத்துத் தட்டில் அடுக்கும்போதுதான் எழுகிறது. அதற்குள் அந்த அச்சே மாறியிருக்கும். வீடுகளில் ஃபியூசுக்குப் பதில் எம்.சி.பி. சுவிட்சு வந்தபின் மின்சாரக் கடைகளில் தேங்கும் பீங்கான் ஃபியூஸ் கட்டைக்கும் இதே கதிதான். வாங்கிய விலையிலேயே ஆண்டுக்காண்டு இருப்பில் ஏறி, கேட்க ஆளில்லாத சரக்கு சொத்தாக நிற்கிறது.

இனி ஆடிட்டர் போட்டுக்கொள்ளும் இருப்புக்கு வருகிறேன். எப்படிப் போடுகிறார்? விற்பனை தெரியும், கொள்முதல் தெரியும், ஆரம்ப இருப்பு போன ஆண்டிலிருந்து வந்தது. இந்த வியாபாரத்துக்கு நூற்றுக்குப் பதினைந்து லாபம் காட்டலாம் என்று ஒரு விகிதம் வைத்துக்கொண்டு, அது வரும்படியாக இறுதி இருப்பை நிரப்புகிறார். லாபம் முதலில் முடிவாகிறது, இருப்பு அதற்கு ஏற்றாற்போல் பிறக்கிறது. உடைந்தது, திருடு போனது, எடை குறைந்து வந்தது, பில் போடாமல் போனது எல்லாம் இந்த ஒற்றை எண்ணுக்குள் புதைந்துபோகின்றன. இறுதி இருப்பு லாபத்தைக் கண்டுபிடிக்கும் கருவி. அந்தக் கருவியை லாபத்திலிருந்தே செய்துகொண்டால் அது எதையும் கண்டுபிடிக்காது. 1953இல் செயின்ரூப் சம்பத்ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. தீர்ப்பை எழுதியவர் தலைமை நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி, நம் ஊர்க்காரர். ஆண்டு முடிவில் விற்காத சரக்கை மதிப்பிடுவது, அந்தச் சரக்கை வாங்க ஆன செலவைக் கணக்கின் எதிர்ப்பக்கத்தில் ஈடுகட்டுவதற்காக. மதிப்பீடு தானே லாபத்தை உண்டாக்கும் ஊற்று ஆகாது என்பது அதன் சாரம். எழுபது ஆண்டு கழிந்தும் நாம் மதிப்பீட்டிலிருந்துதான் லாபத்தை உண்டாக்கிக்கொண்டிருக்கிறோம்.

வங்கிக்குக் கொடுக்கும் இருப்பு அறிக்கை வேறு. சி.சி. கடன் லிமிட் குறையக் கூடாது என்று அங்கே சரக்கு ஏறும். வரிக் கணக்கில் இறங்கும். ஒரே கடை, ஒரே தேதி, இரண்டு இருப்பு. இந்த வித்தியாசத்தை விளக்க முடியாமல் வருமான வரி வழக்குகளில் மாட்டிக்கொண்டவர்கள் ஏராளம்.

சின்னக் கடைக்குச் சட்டமே விலக்குக் கொடுத்திருக்கிறதே என்பார்கள். உத்தேச வருமான முறையில் விற்றுமுதல் 2 கோடி வரைக்கும், ரொக்க வரவு நூற்றுக்கு ஐந்துக்குள் இருந்தால் 3 கோடி வரைக்கும், எட்டு அல்லது ஆறு சதவீதத்தை லாபம் என்று காட்டி வரி கட்டிவிடலாம், புத்தகம் வேண்டியதில்லை. உண்மைதான். அந்த ஏற்பாடு உங்களுக்கும் வரித்துறைக்கும் நடுவே. ஆறு சதவீதம் என்று காட்டி வரி கட்டியவருக்கு உண்மையில் இரண்டு சதவீதம்தான் நின்றதா என்று தெரியாவிட்டால், இல்லாத லாபத்துக்கு வரி கட்டியவர் அவர். வரித்துறை அவரைக் கேள்வி கேட்காது என்பது சலுகை; தன்னைத் தானே கேட்டுக்கொள்ள வேண்டாம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

ஜி.எஸ்.டி. அந்தச் சலுகையையும் தருவதில்லை. இணக்க முறையில் ஒரு சதவீதம் கட்டுகிறவர் தவிரப் பதிவு பெற்ற ஒவ்வொரு வியாபாரியும் ஆரம்ப இருப்பு, வரவு, விற்பனை, தொலைந்தது, திருடு போனது, அழிந்தது, கழித்துவிட்டது, இலவசமாகக் கொடுத்தது, மீதி என்று சரக்குக் கணக்கு வைக்க வேண்டும் என்கிறது 56ஆம் விதி. பிரிவு 17(5)(எச்), அழிந்ததற்கும் கழித்துவிட்டதற்கும் எடுத்த உள்ளீட்டு வரியைத் திருப்பிக் கட்டச் சொல்கிறது. அப்படித் திருப்பிக் கட்டிய வரி திரும்பி வராது. அதுவும் சரக்குக்கு ஆன செலவே. இரும்பாலை ஒன்றின் வழக்கில் 2021இல் சென்னை உயர் நீதிமன்றம், உற்பத்தியின் போக்கிலேயே நேரும் இயல்பான இழப்புக்கு இந்தப் பிரிவு பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. சூளையில் வெடிக்கும் பொம்மைக்கு அந்த வாதத்தை எடுத்துவைக்கப் பட்டறைக்காரருக்கு இடமுண்டு. அலமாரியிலிருந்து விழுந்த ஜாடிக்கும் அதே நிழல் கிடைக்கும் என்று கடைக்காரர் எண்ணிக்கொள்ளக் கூடாது. பட்டறைக்காரரானாலும் இயல்பான இழப்பு இவ்வளவு என்று காட்டச் சூளைக்குச் சூளை எழுதிய நோட்டு வேண்டும். 2025 செப்டம்பர் 22இல், நவராத்திரி தொடங்கும் நேரத்தில், 12 சதவீத அடுக்கு எடுக்கப்பட்டு வீட்டுச் சாமான்கள் பலவற்றின் வரி இறங்கியபோது, முந்தைய இரவு தங்கள் கையில் இருந்த சரக்கு எவ்வளவு என்று தெரிந்த கடைகள் பழைய வரியில் வாங்கியது எது, புது விலை எது என்று பிரித்து வைத்துக்கொள்ள முடிந்தது. தெரியாதவர்கள் கொலு கூட்டத்தின் நடுவே ஊகித்தார்கள்.

எண்ணி மாளாது என்பது கடைசி அரண். எல்லாவற்றையும் ஒரே நாளில் எண்ணச் சொல்பவர் யார்? செட் பொம்மையும் பெரிய ஜாடியும் ஒவ்வொன்றாக எண்ணப்பட வேண்டும். பணம் அதில்தான் கிடக்கிறது. அகலைப் பெட்டிக் கணக்கில் எண்ணி, இரண்டொரு பெட்டியைப் பிரித்துச் சரிபார்த்தால் போதும். வாரம் ஒரு அலமாரி என்று போனால் பருவத்துக்குள் கடை முழுவதும் ஒரு சுற்று வந்துவிடும். பெட்டியில் தேதி போட்டு வைத்தால் முதலில் வந்தது முதலில் போனது என்று விலை வைக்கலாம். ஒரே குவியலில் கொட்டுவதாக இருந்தால் சராசரி விலை. இரண்டையும் தரநிலை ஏற்கிறது. கடைசியாக வந்த விலையையே எல்லாவற்றுக்கும் போடுவதை மட்டும் ஏற்காது. இதில் என்ன மாளாமல் போகிறது?

இதெல்லாம் பெரிய கம்பெனிக்கு என்கிறவர்களுக்கு ஒரு பழைய செய்தி. அடக்கக் கணக்கியலின் முன்னோடிகள் என்று வரலாற்றாசிரியர்கள் சுட்டுகிறவர்களில் ஒருவர் இங்கிலாந்தின் பீங்கான்காரர் ஜோசையா வெட்ஜ்வுட். 1772இல் கடன் நெருக்கடி வந்து, கேட்பு விழுந்து, சரக்குத் தேங்கியபோதுதான் அவர் தம் பொருட்களின் அடக்கத்தை ஒவ்வொன்றாக நோண்டிப் பார்த்தார். அச்சு, வாடகை போன்ற செலவுகள் சரக்குக் குறைவாகச் செய்தாலும் அப்படியே நிற்கின்றன, அதிகம் செய்தால் உருப்படிக்கு இறங்குகின்றன என்று கண்டார். தலைமை எழுத்தர் கையாடியதும் அந்தத் தேடலில்தான் வெளிப்பட்டது. அவரிடம் கம்ப்யூட்டர் இல்லை, வரி நோட்டீஸ் வரும் பயம் இல்லை. தொழில் நிற்க வேண்டும் என்ற கவலை இருந்தது. நம் பக்கத்தில் பர்மாவிலும் மலாயாவிலும் கடை வைத்த நகரத்தார் ஐந்தொகை எழுதியதும் அந்தக் கவலையால்தான். கணக்கு நமக்குப் பழக்கமில்லாதது என்று யாரும் சொல்ல வேண்டாம்.

மீண்டும் விருத்தாசலத்துக்கு வருகிறேன், ஏனெனில் என் கோபத்தின் இடம் அதுதான். பீங்கான் வியாபாரத்தில் உடைசலுக்கென்று பில்லில் ஒரு தொகையைக் கழித்துக்கொண்டு பணம் கொடுப்பது பழகிப்போன வழக்கம். நூற்றுக்கு இவ்வளவு என்று ஒரு மொத்தக் கழிவு. எத்தனை உடைந்தது, எங்கே உடைந்தது என்று கேட்டால் பதில் இல்லை. கட்டு சரியாகக் கட்டாததால் உடைந்திருந்தால் பட்டறைக்காரர் ஏற்க வேண்டியதுதான். லாரியில் கண்டதை மேலே ஏற்றியதால் உடைந்திருந்தால் லாரிக்காரர் பொறுப்பு. இறக்கும்போது தூக்கிப் போட்டதாலோ கடையில் எட்டடி உயரத்துக்கு அடுக்கியதாலோ உடைந்திருந்தால் கடைக்காரர் பொறுப்பு. இந்த மூன்றையும் பிரிக்க ஒரு நோட்டுப் போதும். தேதி, எந்தப் பட்டறைக் கட்டு, எந்த லாரி, கட்டைப் பிரிக்கும்போது உடைந்திருந்தது எத்தனை, கடையில் உடைந்தது எத்தனை, என்ன பொருள். கட்டைப் பிரிக்கிற பையன் எழுதலாம். எழுதத் தெரியாவிட்டால் கோடு போடலாம், கைப்பேசியில் படம் எடுக்கலாம். அந்த நோட்டு இல்லாததால் மூன்று பேரின் உடைசலும் ஒருவர் பில்லில் கழிகிறது. கழிபடும் பட்டறைக்காரர் அந்த நஷ்டத்தை மண்ணிலோ விறகிலோ மின்சாரத்திலோ மீட்க முடியாது. அவர் குறைக்க முடிந்த ஒரே செலவு கூலி. பொம்மைக்குக் கண் திறக்கும் பெண்ணுக்கு உருப்படிக்குக் கிடைக்கும் காசில் கைவைக்கிறார். சென்னையில் ஒரு கடை அலமாரி சரிந்ததற்கு விருத்தாசலத்தில் ஒருத்தி கூலி இழக்கிறாள். கணக்கில் எழுதாத உடைசல் மறைந்துபோவதில்லை. பேச முடியாதவர் கணக்கில் எழுதப்படுகிறது.

ஆகவே பட்டறைக்காரர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அடுத்த லோடு ஏற்றும்போது கட்டுக்கு எண் போடுங்கள், ஏற்றிய நிலையில் படம் எடுத்து வையுங்கள். உடைசல் கழிவு கேட்கிற வியாபாரியிடம் அவருடைய உடைசல் நோட்டைக் காட்டச் சொல்லுங்கள். தொழிற்பேட்டையில் இருக்கிறவர்கள் சேர்ந்து கேட்டால் இன்னும் நல்லது. வியாபாரிகளுக்கும் சொல்கிறேன்: இந்த மார்ச் 31க்கு முன் கடையை ஒரு முறை எண்ணுங்கள், ஆடிட்டரிடம் எண்ணை நீங்கள் கொடுங்கள், அவரிடமிருந்து வாங்காதீர்கள். எண்ணாமலும் எழுதாமலும் கடை நடத்த உங்களுக்கு விருப்பமானால் அது உங்கள் முதல், உங்கள் பாடு. ஆனால் உடைசல் நோட்டு வைக்காத எவருக்கும் விருத்தாசலத்துப் பில்லில் ஒரு ரூபாய் கழிக்கவும் உரிமை கிடையாது.